லட்சம் யோசனைகள் வந்தால் யார் படிப்பது?

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயில் எண்ணூரைத் தாண்டியதும் அத்திப்பட்டு புதுநகரில் நிற்கும், அதற்கடுத்தது அத்திப்பட்டு. இந்த இரண்டு நிலையங்களிலும் இறங்குகிறவர்களில் பலர் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள், ஏறுகிறவர்களில் பலர் ஷிஃப்ட் முடித்தவர்கள். 1994-இல் முதல் யூனிட் ஓடத் தொடங்கிய வடசென்னை அனல் மின் நிலையம் இங்கேதான் இருக்கிறது. வல்லூரில் 1,500 மெகாவாட் மின் நிலையம். நிலக்கரி இறக்குவதற்கென்றே திட்டமிட்டு 2001-இல் திறந்த எண்ணூர் துறைமுகம், இப்போது காமராஜர் துறைமுகம். அதை ஒட்டிக் காட்டுப்பள்ளி. கன்வேயரில் எந்த ரோலரின் சத்தம் மாறினால் பெல்ட் கிழியப் போகிறது, மழைக்காலத்தில் ஈரக் கரி பங்கரின் எந்த மூலையில் அடைத்துக்கொள்ளும், சாம்பல் குழாயில் எந்த வளைவு முதலில் தேயும் என்பதெல்லாம் இருபது வருடம் அங்கேயே நின்று வேலை பார்த்தவருக்கு அத்துப்படி.

அந்த அறிவில் பெரும்பகுதி எந்த ஃபைலிலும் ஏறுவதில்லை. அவர் ஓய்வு பெறும்போது அவரோடு சேர்ந்து வீட்டுக்குப் போய்விடுகிறது. பத்தாயிரம் பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனம், பத்தாயிரம் பேருக்குத் தெரிந்ததை எப்படிக் கேட்டு வாங்கும்? உலகின் பெரிய நிறுவனங்கள் சில, கடந்த கால் நூற்றாண்டாக ஒரு வழியைச் செய்து பார்த்திருக்கின்றன. எல்லா ஊழியர்களையும், குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டும், இணையத்தில் ஒன்றுகூட்டி யோசிக்கச் சொல்வதுதான் அது. அதற்குள் ஓடும் தொழில்நுட்பம் எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்று வடசென்னை போன்ற ஒரு தொழில் வட்டாரம் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

ஊழியரிடம் யோசனை கேட்பது நமக்குப் புதிதல்ல. பூட்டுப் போட்ட யோசனைப் பெட்டி பழைய ஆலைகளில் எல்லாம் தொங்கியது. 1980-இல் ஹைதராபாத் ராமச்சந்திரபுரத்தில் உள்ள பெல் ஆலையில் இந்தியாவின் முதல் குவாலிட்டி சர்க்கிள் தொடங்கியது. பத்துப் பன்னிரண்டு தொழிலாளர்கள் வாரம் ஒருமுறை உட்கார்ந்து தங்கள் பிரிவின் கோளாறுகளைத் தாங்களே ஆராயும் ஏற்பாடு. பாடியில் சுந்தரம் கிளேட்டன் 1998-இல் ஜப்பானின் டெமிங் பரிசை வென்று, அதைப் பெற்ற முதல் இந்திய நிறுவனமானபோது, தொழிலாளர் தரும் சின்னச் சின்ன யோசனைகளின் மதிப்பு சென்னையின் ஆலை முதலாளிகளுக்குப் புரிந்தது. ஆனால் பெட்டிக்குள் போட்ட சீட்டை இன்னொரு தொழிலாளி பார்க்க முடியாது. சர்க்கிளில் பேசியது பக்கத்து ஷெட்டுக்குப் போய்ச் சேராது. இதைப் பெரிய அளவில் செய்ய வேண்டுமென்றால் எல்லோரும் எல்லோருடையதையும் பார்க்க வேண்டும்.

எல்லோரும் கூடி உட்கார்ந்து யோசிப்பதற்கு விதிமுறை வகுத்தவர் அலெக்ஸ் ஆஸ்பார்ன், அமெரிக்க விளம்பர நிறுவனமான பிபிடிஓவின் பங்குதாரர். யாரையும் குறை சொல்லாதே, எவ்வளவு முடியுமோ அவ்வளவு சொல், கிறுக்குத்தனமாகத் தோன்றினாலும் சொல், மற்றவர் சொன்னதன் மேல் கட்டு: 1953-இல் வெளிவந்த அவருடைய 'அப்ளைடு இமேஜினேஷன்' புத்தகம் இந்த முறையை உலகமெல்லாம் கொண்டுபோனது. ஐந்தே வருடத்தில், 1958-இல், யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். நான்கு பேர் கூடி உட்கார்ந்து தந்த யோசனைகளைவிட, தனித்தனி அறையில் யோசித்த நான்கு பேரின் பட்டியல்களைச் சேர்த்தால் ஏறத்தாழ இரண்டு மடங்கு யோசனைகள் வந்தன.

காரணம் புரிய இன்னும் முப்பது வருடம் ஆயிற்று. மைக்கேல் டீல், வொல்ஃப்காங் ஸ்ட்ரோபே என்ற இரண்டு உளவியலாளர்கள் 1987-இல் காட்டியது இது: கூட்டத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருக்கும்போது, சொல்ல வந்தது மறந்துவிடுகிறது, அல்லது இது இப்போது தேவையா என்று தாங்களே தள்ளிவிடுகிறார்கள். பஞ்சாயத்துக் கூட்டத்தில் உட்கார்ந்த யாருக்கும் இது தெரியும். கணினி இந்தச் சிக்கலைத்தான் அவிழ்த்தது. 1980களில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஒரு அறை முழுக்கக் கணினிகளை இணைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்ய, எல்லோருடைய யோசனையும் எல்லோர் திரையிலும் வரும்படி செய்தார்கள். வாய்ப்பேச்சில் ஆட்கள் கூடக்கூட யோசனை குறையும். அந்த அறையில் ஆட்கள் கூடக்கூட யோசனை பெருகியது.

அந்த அறையை உலக அளவுக்கு விரித்தது ஐபிஎம். 2001 மே மாதம் 'வேர்ல்டு ஜாம்' என்ற பெயரில் 72 மணி நேர நிகழ்வு ஒன்றைத் தன் உள் இணையத்தில் நடத்தியது. 50,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் வந்தார்கள். 72 மணி நேரம் என்று வைத்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. எந்த நாட்டில் பகல், எங்கே இரவு என்ற கவலையில்லாமல் ஒவ்வொருவருக்கும் குறைந்தது மூன்று பகல் கிடைக்கும். அத்திப்பட்டுக்கு இதே கணக்கு வேறு விதத்தில் பொருந்தும். பகல் ஷிஃப்டோ இரவு ஷிஃப்டோ, யாராக இருந்தாலும் மூன்று நாளில் ஓய்வு நேரம் என்று கொஞ்சம் கிடைத்தே தீரும். அதே சமயம், மாதக்கணக்கில் திறந்தே கிடக்கும் யோசனைப் பெட்டிக்கு இல்லாத ஒரு அவசரமும் அதில் உண்டு. மூன்று நாளில் முடிந்துவிடும் என்றால் ஆட்கள் வருகிறார்கள்.

2003 ஜூலையில் நடந்த 'வேல்யூஸ் ஜாம்' இன்னும் முக்கியமானது. ஐபிஎம் எதற்காக நிற்கிறது என்பதே கேள்வி. சுமார் 50,000 ஊழியர்கள் வந்து பார்த்தார்கள், 10,000-க்கு நெருக்கமான பதிவுகள் விழுந்தன. முதல் சில மணி நேரத்தில் வந்தவை பெரும்பாலும் கோபமும் கசப்பும். இதை உடனே நிறுத்திவிடலாம் என்றுகூட மேல்மட்டத்தில் குரல் எழுந்தது. தலைமைச் செயல் அதிகாரி சாம் பால்மிசானோ ஒப்புக்கொள்ளவில்லை. முடிந்த பிறகு எல்லாப் பதிவுகளையும் அச்சிட்டு வீட்டுக்கு எடுத்துப்போனார். அடுக்கினால் மூன்றடி உயரம். சனி ஞாயிறில் படித்துவிட்டு, திங்கட்கிழமை நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அந்தக் கட்டை மேசை மேல் போட்டு, நீங்கள் ஒவ்வொருவரும் இதைப் படிக்க வேண்டும் என்றார்.

படித்ததால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளரின் சின்னத் தேவைக்குச் சின்னத் தொகை செலவழிக்கக்கூட மேலிடத்து ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பது பலர் எழுதிய குறை. அதன் பின் முதல் நிலை மேலாளர் ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு 5,000 டாலர் வரை, யாரையும் கேட்காமல் செலவழிக்கும் உரிமை தரப்பட்டது. முதலில் சில நூறு பேருக்குப் பரிசோதனையாகக் கொடுத்து, பிறகு 22,000 மேலாளர்களுக்கு விரிவாக்கினார்கள். நிர்வாகத்துக்கு இது பெரிய துணிச்சல்.

அந்த மூன்றடிக் கட்டை ஒருவர் படித்துவிடலாம். 2006-இல் நடந்த 'இன்னோவேஷன் ஜாம்' அப்படி இல்லை. 104 நாடுகளிலிருந்து சுமார் 1,50,000 பேர் வந்தார்கள். ஊழியர் மட்டுமல்ல, அவர்களின் குடும்பத்தார், 67 வாடிக்கையாளர் நிறுவனங்களின் ஆட்கள்கூட வந்தார்கள். 46,000 பதிவுகள். இதை யார் படிப்பது? இங்கேதான் தொழில்நுட்பத்தின் உண்மையான வேலை தொடங்குகிறது.

முதலில் வாசல். லட்சம் பேர் ஒரே நேரத்தில் வந்தால் சர்வர் தாங்க வேண்டும். காலை 10 மணிக்குத் தட்கல் திறக்கும் நொடியில் ஐஆர்சிடிசி தளத்துக்கு என்ன ஆகுமோ அதுதான் இங்கும். அதனால் இந்த மென்பொருட்கள் வேலையைப் பிரித்துக்கொள்கின்றன. படிக்க மட்டும் வருகிறவர்களுக்குச் சேமித்து வைத்த நகலைக் காட்டுவது, எழுதுகிறவர்களின் பதிவை வரிசையில் வாங்கி வைத்து ஒவ்வொன்றாகச் சேர்ப்பது, கூட்டம் கூடினால் தானாகவே இன்னும் சில சர்வர்களை வாடகைக்கு எடுத்துக்கொள்வது என்று. இன்று மேகக் கணினி வசதியில் இது பெரிய சிரமம் இல்லை. பணம் கட்டினால் வாங்கிவிடலாம்.

சிரமம் அடுத்த படியில்தான். ஐபிஎம் தன் ஆய்வகத்தில் உருவான 'ஈ-கிளாசிஃபையர்' என்ற உரை அலசும் மென்பொருளை இதற்குப் பயன்படுத்தியது. எந்தச் சொற்கள் எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகின்றன என்று எண்ணி, ஒரே விஷயத்தைப் பேசும் பதிவுகளை அது கும்பலாகச் சேர்க்கும். நிகழ்வு நடந்துகொண்டிருக்கும்போதே, இப்போது எது சூடு பிடிக்கிறது என்று நடத்துநர்களுக்குத் தெரியும். புதிதாக உள்ளே வருகிறவர் ஆயிரம் பதிவுகளைப் புரட்டாமல், நேராகத் தனக்குத் தெரிந்த விஷயத்துக்குப் போகலாம்.

இப்போது இந்தக் கும்பல் சேர்ப்பு ரொம்ப முன்னேறிவிட்டது. ஒவ்வொரு வாக்கியத்தையும் சில நூறு எண்கள் கொண்ட வரிசையாக மாற்றுகிறார்கள். பொருள் நெருங்கினால் எண்களும் நெருங்கும்படி மொழி மாதிரியைப் பழக்கியிருக்கிறார்கள். அத்திப்பட்டில் இப்படி ஒரு நிகழ்வு நடப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் 'சாம்பல் குழாய் வளைவுல கசியுது' என்று எழுதுகிறார். இன்னொருவர் 'ஆஷ் லைன் பெண்டுல லீக்கு' என்கிறார். மூன்றாமவர் 'பைப்பு ஒடைஞ்சு சாம்பத்தண்ணி ஆத்துல போவுது' என்கிறார். மூன்றிலும் பொதுவான சொல் ஒன்றுகூட இல்லை. சொல்லை மட்டும் எண்ணும் பழைய மென்பொருள் இவற்றை மூன்று தனி விஷயங்களாகக் கொட்டிவிடும். புதிய முறை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும், வட்டாரப் பேச்சில் போதுமான அளவு பழகியிருந்தால்.

'இருந்தால்' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழில் ஒரே சொல் வேற்றுமை உருபும் சாரியையும் சேர்ந்து எத்தனையோ வடிவம் எடுக்கும். குழாயில், குழாயிலிருந்து, கொழாயிலேர்ந்து எல்லாம் ஒன்றே என்று இயந்திரம் கற்க வேண்டும். ஃபோனில் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறவர்கள் ஒரே சொல்லை நாலு விதமாக எழுதுவார்கள். வேலைத்தளத்துத் தமிழில் பெண்ட், வால்வு, பிரஷர், டிரிப் என்று ஆங்கிலச் சொற்கள் தமிழாகவே ஆகிவிட்டன. பத்திரிகைத் தமிழில் மட்டும் பழகிய மாதிரி இங்கே தடுமாறும். சாம்பல் குழாயை உதாரணமாக எடுத்ததற்கும் காரணம் இருக்கிறது. செப்பாக்கம் சாம்பல் குட்டைக்குப் போகும் குழாய்களிலிருந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் சாம்பல் கலந்த விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய்ப் பல வருடம் பேசப்பட்டது. எந்த இடத்தில் முதலில் கசியும் என்பது அந்தக் குழாயோரம் நடப்பவருக்கும், அந்த ஆற்றில் இறால் பிடிப்பவருக்கும், நீதிமன்றக் குழு வந்து பார்ப்பதற்கு முன்பே தெரிந்த சங்கதி.

சேர்த்தாகிவிட்டது. எதை மேலே காட்டுவது? பெரும்பாலான தளங்கள் 'லைக்' எண்ணி வரிசைப்படுத்துகின்றன. இது ஆபத்தான வழி என்பதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மேத்யூ சால்கானிக்கும் அவருடைய சகாக்களும் 48 அறியப்படாத பாடல்களை இணையத்தில் வைத்து, சுமார் 14,000 பேரைக் கேட்கவைத்தார்கள். ஒரு பகுதியினருக்கு மற்றவர்கள் எத்தனை முறை பதிவிறக்கினார்கள் என்று காட்டவில்லை. மற்றவர்களை எட்டுத் தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தின் எண்ணிக்கையைக் காட்டினார்கள். எண்ணிக்கை தெரிந்த உலகங்களில் சில பாடல்கள் ஒரேயடியாக மேலே போயின. ஒரு உலகத்தில் முதலிடம் பிடித்தது இன்னொன்றில் வெகு கீழே கிடந்தது. 2006-இல் இது 'சயின்ஸ்' இதழில் வந்தது. யோசனைகளுக்கும் இதுவே நடக்கும். முதல் மணி நேரத்தில் எழுதியவர் ஜெயிப்பார். இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு மறுநாள் எழுதியவர் அடியில் கிடப்பார்.

அதே சால்கானிக்தான் பிறகு பிரின்ஸ்டனில் 'ஆல் அவர் ஐடியாஸ்' என்ற முறையை உருவாக்கினார். இதில் பட்டியலே கிடையாது. ஏதாவது இரண்டு யோசனைகள் மட்டும் திரையில் வரும். எது மேல் என்று ஒன்றைத் தொட வேண்டும், அல்லது சொந்தமாக ஒன்றைச் சேர்க்கலாம். புதிய யோசனைக்கு அதிக வாய்ப்பு கிடைக்கும்படி ஜோடிகளை மென்பொருள் தேர்ந்தெடுக்கிறது. நியூயார்க் மேயர் அலுவலகம் நகரத் திட்டத்துக்காக இதை 2010-11-இல் பயன்படுத்தியது. அதிகாரிகள் 25 யோசனைகளோடு தொடங்கினார்கள். 1,436 பேர் கலந்துகொண்டு 464 புதியவற்றைச் சேர்த்தார்கள். கடைசியில் முதல் பத்து இடங்களில் எட்டு, மக்கள் சேர்த்தவை. அதிகாரிகள் தயாரித்த கேள்வித்தாளுக்கு 'ஆம், இல்லை' என்று மட்டும் பதில் வாங்கியிருந்தால் இந்த எட்டும் வெளியே வந்திருக்காது.

அமெரிக்காவின் சியாட்டிலில் உருவான 'போலிஸ்' இன்னொரு துணிச்சலான முடிவை எடுத்தது. அதில் பதில் எழுதும் வசதியே கிடையாது. ஒவ்வொரு கருத்துக்கும் ஒப்புகிறேன், மறுக்கிறேன், தாண்டிவிடு என்ற மூன்றுதான். சண்டை போட வழியில்லாததால் சண்டை இல்லை. யார் யார் ஒரே மாதிரி வாக்களிக்கிறார்கள் என்று பார்த்து மென்பொருள் அவர்களைக் குழுக்களாகப் படமாக வரைகிறது. முக்கியமாக, எதிரெதிர்க் குழுக்கள் இரண்டுமே ஒப்புக்கொண்ட கருத்துகளைத் தனியே எடுத்துக் காட்டுகிறது. 2015-இல் தைவானில் ஊபர் டாக்சி விவகாரத்தில் அரசு இதைப் பயன்படுத்தியது. தொழிற்சங்கமும் நிர்வாகமும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு வட்டாரத்தில், இருவரும் ஒப்பும் பத்து விஷயங்களைக் கண்டுபிடித்துத் தரும் கருவிக்குப் பெரிய மதிப்பு இருக்கிறது.

இத்தனை இருந்தும் மனிதர் வேலை மிஞ்சுகிறது. 2006 ஜாமை ஆராய்ந்து ஆஸ்வால்ட் பியெலாண்ட், ராபர்ட் வுட் இருவரும் 2008-இல் எழுதிய கட்டுரை இதை மறைக்காமல் சொல்கிறது. ஒருவர் யோசனையின் மேல் இன்னொருவர் கட்டி வளர்த்தது குறைவு. ஆளாளுக்குத் தங்களுடையதைச் சொல்லிவிட்டுப் போனதே அதிகம். கடைசியில் ஐம்பது பேர் அளவிலான மூத்த அலுவலர் குழு நியூயார்க் அருகே வாட்சன் ஆய்வகத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து, மென்பொருள் பிரித்துக் கொடுத்த குவியல்களைப் படித்து 31 பெரிய யோசனைகளாகச் சுருக்கியது. அவை செப்டம்பரில் மறுபடி ஊழியர் முன் வைக்கப்பட்டன. அதிலிருந்து பத்து புதிய தொழில்கள். அவற்றுக்கு 10 கோடி டாலர் ஒதுக்குவதாக நவம்பரில் பெய்ஜிங்கில் பால்மிசானோ அறிவித்தார். மின்கம்பி வலைப்பின்னலை அறிவோடு இயக்கும் திட்டம், கிளை இல்லாத வங்கி, நேரடி மொழிபெயர்ப்பு ஆகியவை அந்தப் பத்தில் அடக்கம்.

இந்தியாவிலும் பெரிய கூட்டங்கள் இணையத்தில் கூடியிருக்கின்றன. தூத்துக்குடி மாவட்டத்தில் பிறந்த சிவ நாடார் நிறுவிய எச்சிஎல் குழுமத்தின் எச்சிஎல் டெக்னாலஜிஸ் 2009-இல் ஒன்று செய்தது. 300 மேலாளர்கள் தங்கள் வருடாந்தரத் தொழில் திட்டத்தை ஒலிப்பதிவு விளக்கத்தோடு உள் இணையத்தில் வைக்க வேண்டும். 8,000 ஊழியர்கள் அதைப் படித்துக் கருத்து சொல்லலாம். மேலதிகாரி ஒருவர் மட்டும் பார்ப்பார் என்றால் எழுதுகிற மாதிரி வேறு, கீழே வேலை செய்கிற எல்லோரும் பார்ப்பார்கள் என்றால் எழுதுகிற மாதிரி வேறு.

ரயில்வேயின் முயற்சி இன்னும் பெரியது. 2016 நவம்பரில் ஹரியானாவின் சூரஜ்குண்டில் 'ரயில் விகாஸ் ஷிவிர்' என்ற மூன்று நாள் முகாம் நடந்தது. சுரேஷ் பிரபு அப்போது ரயில்வே அமைச்சர். முகாமுக்கு முன்பே 13 லட்சம் ஊழியர்களிடமும் யோசனை கேட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் வந்து குவிந்தன. தண்டவாளத்தில் நடக்கும் கீமேன், கேங்மேன் முதல் அதிகாரி வரை எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டது பாராட்ட வேண்டிய காரியம். ஒரு லட்சம் யோசனைகளை ஒருவர் ஒன்றுக்கு இரண்டு நிமிடம் வீதம் படித்தாலும் 3,300 மணி நேரத்துக்கு மேல் ஆகும். தினம் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால், லீவே எடுக்காமல், 400 நாளைத் தாண்டும்.

எண்ணிக்கை மட்டும் பெருகினால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சாட்சி. 2015-இல் இணையச் சமநிலை பற்றி டிராய் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. அவற்றை வெளியிட்டபோது அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் சேர்ந்தே வெளியாகிவிட்டன. அந்த ஆண்டு இறுதியில், தளத்துக்குத் தளம் இணையக் கட்டணம் வேறுபடுவது பற்றி மறுபடி கேட்டபோது சுமார் 24 லட்சம் பதில்கள். அவற்றில் ஏறத்தாழ 19 லட்சம், ஃபேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்துக்கு ஆதரவாக ஒரே அச்சில் வார்த்த வாசகங்கள். கேட்ட கேள்விகளுக்கு அவற்றில் பதில் இல்லை என்று டிராய் சொன்னது. 2016 பிப்ரவரியில் வேறுபட்ட கட்டணத்துக்குத் தடையும் விதித்தது. நகல்களைக் கண்டுபிடித்து ஒதுக்குவது, எழுதியவரின் அடையாளத்தைக் காப்பது ஆகிய இரண்டும் பிறகு ஒட்டவைக்கும் அலங்காரங்கள் இல்லை என்பதை இந்த இரண்டு சம்பவங்களும் காட்டின.

அடையாளம் என்பது அத்திப்பட்டில் முதல் கேள்வியாகவே வரும். ஐபிஎம் ஜாம்களில் எல்லோரும் சொந்தப் பெயரில்தான் எழுதினார்கள். நிரந்தர வேலை, நல்ல சம்பளம், துணிந்து எழுதலாம். கான்ட்ராக்டில் வந்து, மேஸ்திரி சொன்னால் நாளை வேலை இல்லை என்ற நிலையில் இருப்பவர் 'பாதுகாப்பு பெல்ட் கொடுப்பதில்லை' என்று பெயர் போட்டு எழுதுவாரா? கம்பெனி மின்னஞ்சல்கூட அவருக்குக் கிடையாது. இதற்குத் தொழில்நுட்பத்தில் வழி இருக்கிறது. உள்ளே வருகிறவர் உண்மையான ஊழியர்தானா என்று சரிபார்க்கும் சர்வரையும் அவர் எழுதியதை வைத்திருக்கும் சர்வரையும் பிரித்துவிடலாம். முதலாவது கேட் பாஸ் எண்ணைப் பார்த்து ஒருமுறை மட்டும் செல்லும் சீட்டு கொடுக்கும், இரண்டாவதற்கு அந்தச் சீட்டு மட்டும்தான் தெரியும். ஆனால் மூன்றே பேர் வேலை செய்யும் பிரிவைப் பற்றி எழுதினால் பெயர் இல்லாமலே ஆள் தெரிந்துவிடும். சின்னப் பிரிவுகளைப் பெரியவற்றோடு சேர்த்துக் காட்டுவது போன்ற எச்சரிக்கைகளை முதல் நாளே திட்டமிட வேண்டும். நிர்வாகத்தின் கையில் சாவி இல்லாமல் வெளியார் ஒருவர் நடத்துவது இன்னும் நல்லது.

அடுத்தது மொழி. துறைமுகத்திலும் மின் நிலையங்களிலும் ஒடியா, இந்தி, தெலுங்கு பேசுகிறவர்கள் தமிழர்களோடு தோளோடு தோள் நின்று வேலை செய்கிறார்கள். ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் குழு 2023-இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு மாதிரி, அரசியலமைப்புச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள 22 இந்திய மொழிகளையும் கையாளுகிறது. மத்திய அரசின் மொழிபெயர்ப்புத் தளமான பாஷினி 2022 முதல் இருக்கிறது. ஒடியாவில் சொன்ன யோசனையைத் தமிழ் ஃபோர்மேன் தன் ஃபோனில் தமிழில் படிப்பது இன்று சாத்தியம். பிழை வரும். அதனால் மூல ஒலிப்பதிவு எப்போதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இப்போது பெரிய மொழி மாதிரிகளைக் கொண்டு ஆயிரம் பதிவுகளை ஒரு பக்கமாகச் சுருக்குவது பழக்கமாகிவிட்டது. அங்கும் இதே எச்சரிக்கை வேண்டும். சுருக்கத்தின் ஒவ்வொரு வரியும் அது எந்தப் பதிவுகளிலிருந்து வந்தது என்று தொட்டுப் பார்க்கும்படி இருக்க வேண்டும். தொண்ணூறு பேர் கேன்டீன் சாப்பாட்டைப் பற்றி எழுதி, ஒரே ஒருவர் அமோனியா வாடை அடிக்கிறது என்று எழுதினால், பெரும்பான்மையைச் சுருக்கும் இயந்திரம் அந்த ஒருவரை விழுங்கிவிடலாம். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் அமோனியா கசிந்து மக்கள் வீட்டை விட்டு ஓடியதை நினைத்தால், இந்த ஒற்றை வரியைத் தவறவிடாத மென்பொருளே இந்த வட்டாரத்துக்கு வேண்டியது.

எழுதத் தயங்குகிறவர்களை என்ன செய்வது? 2005 டிசம்பரில் ஐநாவின் குடியிருப்பு அமைப்பும் கனடா அரசும் ஐபிஎம்மும் சேர்ந்து நகர வாழ்க்கை பற்றி 'ஹேபிடாட் ஜாம்' நடத்தின. 158 நாடுகளிலிருந்து 39,000 பேர். கணினியே தொடாத குடிசைப் பகுதி மக்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் சொன்னதை உதவியாளர்கள் கேட்டு எழுதித் தளத்தில் ஏற்றினார்கள். இன்று அதற்கு ஒரு சாதாரண ஃபோன் போதும். சத்தீஸ்கரில் பத்திரிகையாளர் சுப்ரான்சு சவுத்ரி 2010-இல் தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா அதைக் காட்டியிருக்கிறது. பழங்குடி மக்கள் ஒரு எண்ணுக்கு அழைத்துத் தங்கள் மொழியில் தங்கள் பிரச்சினையைப் பேசிப் பதிவு செய்வார்கள்; ஆட்கள் கேட்டுச் சரிபார்த்த பிறகு, அதே எண்ணுக்கு அழைக்கும் எவரும் அதைக் கேட்கலாம். இணையம் வேண்டாம், எழுத்து வேண்டாம்.

அத்திப்பட்டில் யாராவது இப்படி ஒன்றை நடத்த முன்வந்தால், ஸ்வராவிடமிருந்து முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது, பதில் திரும்பி வரும் வழியை. அங்கே ரேஷன் வரவில்லை, கை பம்பு ஓடவில்லை என்று பதிவு செய்கிறவர் பொறுப்பான அதிகாரியின் ஃபோன் எண்ணையும் சேர்த்தே சொல்வார். தூரத்து நகரங்களில் கேட்கிறவர்கள் அந்த அதிகாரியை அழைத்துக் கேட்பார்கள். காரியம் நடந்தால், முதலில் புகார் சொன்ன அதே ஆள் மறுபடி அழைத்து, பம்பு ஓடுகிறது, தொந்தரவு கொடுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி என்று தன் குரலிலேயே பதிவு செய்வார். அந்தப் பதிவும் முதல் பதிவோடு சேர்ந்து எல்லோர் காதுக்கும் போகும்.